மருந்து தெளிக்கும் விமானத்தில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும்?

கேள்வி இது: பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் பத்தடி உயரத்தில், பயிரை உரசுகிற மாதிரி பறக்கின்றன. இருப்பது ஒரே எஞ்சின். அது நின்றுவிட்டால் விமானி பிழைக்கவே வழியில்லையே, அப்படியிருக்க ஏன் இரண்டு எஞ்சின் வைப்பதில்லை?

வழி உண்டு. இந்த வகை விமானங்களில் எஞ்சின் நின்றபின் வயலில் இறங்கி, விமானம் நசுங்கிப்போயும் விமானி தானாகவே இருக்கை வாரைக் கழற்றிக்கொண்டு வெளியே நடந்து வந்த விபத்துகள் நிறைய. உயிர் போன விபத்துகளின் அறிக்கைகளைப் படித்தால் எஞ்சின் நின்றது கதையின் முதல் வரிதான். அடுத்த ஐந்தாறு நொடிகளில் விமானி தொட்டியைக் கொட்டினாரா, மூக்கைத் தாழ்த்தினாரா, திரும்ப முயன்றாரா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

முதலில் பத்தடி உயரம். சாதாரண விமானம் ஓட்டுகிறவருக்கு உயரம்தான் உயிர். மருந்து தெளிப்பவருக்கு அந்த வசதி இல்லை, ஆனால் வேகம் இருக்கிறது. இன்றைய டர்பைன் விமானங்கள் வயலுக்கு மேல் மணிக்கு 225 கி.மீ. அளவில் ஓடுகின்றன. சைக்கிளில் வேகமாக வருகிறவர் மிதிப்பதை நிறுத்தினாலும் எதிரே இருக்கும் சின்ன மேட்டில் ஏறிவிடுகிறார் அல்லவா, அதே சங்கதி. 225 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நின்றால், சறுக்கிப் பறக்கத் தேவையான 145 கி.மீ. வரை வேகத்தைச் செலவழித்து உயரமாக மாற்றிக்கொள்ளலாம். வெறும் கணக்குப்படி அது 115 மீட்டருக்கு மேல் வரும். காற்றின் இழுவை, இறக்கைக்குக் கீழே நீளும் தெளிப்புக் குழாய்கள், விமானி சுதாரிக்க ஆகும் நேரம் எல்லாம் சேர்ந்து பாதியைத் தின்றுவிடும் என்று வைத்துக்கொண்டாலும் 60 மீட்டர், கிட்டத்தட்ட 200 அடி மிஞ்சும். அங்கிருந்து சுமார் பத்து நொடி, நானூறு மீட்டர் சறுக்கலாம். வயலின் ஓரத்தில் நிற்கும் மின்கம்பியைத் தாண்டி அடுத்த வயலில் இறங்க இது போதும்.

பழைய விமானங்களுக்கு இந்தக் கொடுப்பினை குறைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் உபரியாக விற்கப்பட்ட ஸ்டியர்மன் பயிற்சி விமானங்களை வாங்கி, முன் இருக்கையைக் கழற்றிவிட்டு மருந்துத் தொட்டி வைத்துத்தான் அமெரிக்காவில் பல காலம் இந்தத் தொழில் நடந்தது. இரட்டை இறக்கை, குறைந்த வேகம். 150 கி.மீ. வேகத்திலிருந்து அதே கணக்கைப் போட்டால் நடைமுறையில் 20 மீட்டர் கிடைத்தால் அதிகம். அதில் யோசிக்கவே நேரமில்லை, முன்னால் இருப்பது எதுவோ அதில்தான் இறங்க வேண்டும்.

ஆக, பார்க்கப் பயமாக இருக்கும் அந்தப் பத்தடி ஓட்டம் மிக ஆபத்தான கட்டம் இல்லை. ஆபத்து வயலின் முனையில் இருக்கிறது. ஒரு வரிசை முடிந்ததும் விமானி மூக்கைத் தூக்கி மேலேறி, முதலில் ஒரு பக்கம் கொஞ்சம் விலகி, பிறகு மறுபக்கம் வளைந்து, அடுத்த வரிசைக்கு நேராக வந்து இறங்குவார். இந்தத் திருப்பத்தின் உச்சியில் வேகம் மிகக் குறைவு, இறக்கை சாய்ந்திருக்கிறது, தொட்டி நிறைந்திருக்கலாம். இறக்கை தாங்கும் சக்தியை இழக்கும் வேகத்தை ஸ்டால் வேகம் என்பார்கள். நேராகப் பறக்கும்போது அது 130 கி.மீ. என்றால், உயரம் இழக்காமல் 60 பாகை சாய்ந்து திரும்பும்போது 184 கி.மீ. ஆகிவிடும். எஞ்சின் ஓடும்வரை இந்த இடைவெளியை அதன் சக்தி ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் எஞ்சின் நின்று, விமானி பழக்கத்தில் கட்டுப்பாட்டுக் கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் ஒரு இறக்கை சட்டென்று விழும். 200 அடியில் அதிலிருந்து மீள இடமில்லை. சாய்வை உடனே குறைத்து மூக்கைக் கீழே தள்ள வேண்டும். தரை கண்ணெதிரே இருக்கும்போது மூக்கைக் கீழே தள்ளுவது உடம்பு முழுவதும் மறுக்கிற செயல். பயிற்சி எல்லாம் அந்த மறுப்பை உடைக்கத்தான்.

இன்னொரு மோசமான கட்டம் கிளம்பும் நேரம். பண்ணை ஓடுபாதைகள் குட்டையானவை, பல இடங்களில் மண் அல்லது புல். முழுச் சுமையோடு, முழுச் சக்தியில், சக்கரம் தரையை விட்ட சில நொடியில் எஞ்சின் நின்றால் வேகமும் இல்லை, உயரமும் இல்லை. ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசை அந்த நேரத்தில் வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுத்த பலரும் திருப்பத்தின் நடுவே ஸ்டால் ஆகி விழுந்திருக்கிறார்கள். நேரே, அல்லது இருபது முப்பது பாகைக்குள் விலகி, கிடைத்த இடத்தில் இறங்கு என்பதுதான் எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வது.

இப்போது தொட்டிக்கு வருவோம். மற்ற ஒற்றை எஞ்சின் விமானங்களுக்கு இல்லாத ஒரு சலுகை இவற்றுக்கு உண்டு: எடையில் பாதியை ஒரு நெம்புகோலை இழுத்துத் தூக்கி எறிந்துவிடலாம். டெக்சாஸின் ஓல்னியில் தயாராகும் ஏர் டிராக்டர் 502பி-யை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த எடை சுமார் 4,260 கிலோ, தொட்டியின் கொள்ளளவு சுமார் 1,900 லிட்டர். தொட்டியின் அடிக்கதவு திறந்தால் சில நொடிகளில் காலி. ஸ்டால் வேகம் எடையின் வர்க்க மூலத்தைப் பொறுத்தது என்பதால், 130 கி.மீ. இருந்தது 97 கி.மீ. ஆகக் குறைகிறது. எடையும் குறைந்து, தரையைத் தொடும் வேகமும் குறைந்தால், மோதலில் விமானம் சுமந்துவரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். இத்தனையும் ஒரே கையசைவில்.

இருந்தும் தொட்டி நிறைய மருந்தோடு விழுந்த விமானங்கள் ஏன் இத்தனை? ஒரு காரணம் நேரம். எஞ்சின் நின்றுவிட்டது என்பதை மனம் ஒப்புக்கொள்ளவே இரண்டு மூன்று நொடி ஆகும்; அதற்குள் கை எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை முன்னும் பின்னும் தள்ளி, பம்ப் சுவிட்சைத் தேடிக்கொண்டிருக்கும். இன்னொரு காரணத்தை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்பது என் எண்ணம். அந்த மருந்து விவசாயியின் காசு. பக்கத்து வயலில் கொட்டினால் வழக்கு வரும், பயிர் கருகும், இன்ஷூரன்ஸ்காரர் வருவார். அமெரிக்க விதிகளிலேயே அவசர நிலையில் விமானி விதிகளை மீறலாம் என்று தெளிவாக இருக்கிறது. ஆனால் நொடி நேரத்தில் விதி நினைவுக்கு வருவதில்லை, முதலாளியின் முகம்தான் வரும். அதனால்தான் அனுபவசாலிகள் கிளம்புவதற்கு முன்பே மனதில் ஒத்திகை பார்க்கிறார்கள்: எஞ்சின் சத்தம் மாறினால் முதலில் கொட்டுவேன், அப்புறம்தான் ஏன் என்று பார்ப்பேன். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சுமை சட்டென்று போனதும் விமானம் மூக்கைத் தூக்கும். கொட்டும்போதே மறுகையால் கட்டையை முன்னே தள்ளத் தயாராக இல்லாவிட்டால், தப்பிக்கச் செய்த காரியமே ஸ்டாலில் கொண்டுபோய் விடும்.

இறங்கும் இடம் பற்றியும் சொல்ல வேண்டும். வயலுக்கு மேலேயே வேலை என்பதால் இறங்க இடம் பஞ்சமில்லை என்று தோன்றும். பாதி உண்மை. பயிர் வரிசையின் போக்கிலேயே இறங்கினால் விளைந்து நிற்கும் சோளம்கூட விமானத்தை நிறுத்திவிடும், உடைக்காமல் அல்ல, ஆனால் நிறுத்திவிடும். ஆர்கன்சா, லூசியானா நெல் வயல்களில் கதை வேறு. தண்ணீர் நிற்கும் சேற்றில் முன்சக்கரம் இரண்டும் புதைந்ததும், வால்சக்கர விமானம் மூக்கு குத்தி முதுகில் கவிழும். வரப்பு குறுக்கே இருந்தால் நிச்சயம் கவிழும். தலைகீழாகத் தொங்கும் விமானி, சேற்றில் அழுந்திய கதவு, கசியும் எரிபொருள். கதவுகள் இரண்டு பக்கமும் இருப்பதும், ஜன்னலை உதைத்துத் தள்ளும்படி வைப்பதும் இதற்காகத்தான்.

வேகத்தைக் குறைத்து இறங்குவதுதான் மற்ற எதையும்விட முக்கியம். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலிருந்து, மனித உடம்பு தாங்கக்கூடிய 9 மடங்கு ஈர்ப்பு அளவில் சீராக நிற்க மூன்று மீட்டருக்கும் குறைவான தூரம் போதும். 160 கி.மீ. என்றால் பதினோரு மீட்டர் வேண்டும். சீராக, கட்டுப்பாட்டோடு தரையைத் தொட்டுச் சறுக்குகிறவருக்கு இந்தத் தூரம் கிடைக்கும். ஸ்டால் ஆகி மூக்கு குத்தி விழுகிறவருக்குக் கிடைக்காது.

இந்த விமானங்கள் ஏன் அப்படி விசித்திரமான உருவத்தில், முன்பக்கம் நீண்டு, கூனல் முதுகின் மேல் விமானி உட்கார்ந்திருப்பது போல இருக்கின்றன என்று கேட்டால், பதில் இந்த விபத்துகளில்தான் இருக்கிறது. இந்தத் தொழில் பிறந்தது 1921 ஆகஸ்ட் 3 அன்று, ஒஹாயோ மாநிலத்தின் டிராய் அருகே. கட்டால்பா மரத்தோப்பை மொட்டையடித்த புழுக்கள் மேல், ஜான் மெக்ரெடி என்ற ராணுவ விமானி கர்ட்டிஸ் ஜென்னி விமானத்திலிருந்து ஈய ஆர்சனேட் பொடியைத் தூவினார். தொட்டியை வடிவமைத்த எட்டியென் டோர்மோய் பின்னால் உட்கார்ந்து கையால் சுற்றிச் சுற்றிப் பொடியை வெளியேற்றினார். அதன்பின் முப்பது வருடம், பெரும்பாலும் வேறு வேலைக்குச் செய்த விமானங்களை வெட்டி ஒட்டித்தான் ஓட்டினார்கள்.

இதை மாற்றியவர் ஃபிரெட் வெய்க். எஞ்சினை மூடும் காற்றியல் உறையை உருவாக்கும் ஆய்வில் பெயர் வாங்கியவர், எளிதில் ஸ்டால் ஆகாத எர்கூப் விமானத்தின் வடிவமைப்பாளர். டெக்சாஸ் ஏ அண்ட் எம் கல்லூரியில் அவர் வடிவமைத்த ஏஜி-1 1950 டிசம்பர் 1-ல் பறந்தது. மோதல் காயங்களை ஆராய்ந்த ஹியூ டி ஹேவனின் முடிவுகளை அப்படியே உலோகத்தில் வடித்தது போன்ற விமானம். எஞ்சின் முதலில், அதன் பின்னால் தொட்டி, எல்லாவற்றுக்கும் பின்னால், உயரத்தில் விமானி. மோதினால் எஞ்சினும் தொட்டியும் வரிசையாக நசுங்கி ஆற்றலை வாங்கிக்கொள்ளும். தொட்டி விமானியின் முதுகில் வந்து மோதாது. தோள்பட்டை வார், விமானம் உருளும்போது தலைக்கு மேலே தாங்கும் கூண்டு. வெய்க் பிறகு பைப்பர் நிறுவனத்துக்குப் போய் வடிவமைத்த பானி 1959 முதல் விற்பனைக்கு வந்தது. இன்றைய ஏர் டிராக்டர், த்ரஷ் எல்லாம் அதே வரிசை அமைப்புதான். நம் ஊரில் எச்ஏஎல் 1970-களில் செய்த பசந்த் விமானத்தின் படத்தைப் பார்த்தாலும் அந்தக் கூனலும் உயர்ந்த இருக்கையும் தெரியும். இப்போது அதோடு இருக்கை வாரிலேயே காற்றுப்பை வந்துவிட்டது. ஆறுதல் என்னவென்றால், இந்தத் தொழில் தன் பிணங்களிலிருந்து பாடம் கற்றிருக்கிறது.

சரி, எஞ்சின் ஏன் நிற்கிறது?

சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த பழைய ரேடியல் எஞ்சின்களைப் பொறுத்தவரை வயதுதான் பெரிய காரணம். 450 குதிரைச்சக்தி ஆர்-985, 600 குதிரைச்சக்தி ஆர்-1340 இரண்டும் பிராட் அண்ட் விட்னியின் நல்ல எஞ்சின்கள். ஆனால் உற்பத்தி நின்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. திரும்பத் திரும்பப் புதுப்பித்த சிலிண்டர் தலைகளில் விரிசல் விழும். ஒரு சிலிண்டர் போனாலும் எஞ்சின் இருமிக்கொண்டு ஓடும், வீடு வரை கொண்டுவந்தும் விடும். எல்லாச் சிலிண்டர்களின் தண்டுகளும் சேரும் மாஸ்டர் ராடின் பேரிங் போனால் அந்தச் சலுகை இல்லை. எண்ணெய் வடிகட்டியை வெட்டித் திறந்து உலோகத் துகள் இருக்கிறதா என்று பார்க்கும் மெக்கானிக்குக்கு இது முன்பே தெரியும். பார்க்காதவருக்குக் காற்றில்தான் தெரியும்.

டர்பைன் வந்தபின் நம்பகத்தன்மை பல மடங்கு கூடியது. பிடி6 என்ற டர்பைன் எஞ்சின் மேல் விமானிகளுக்கு இருக்கும் நம்பிக்கை கிட்டத்தட்ட பக்தி. ஆனால் மருந்து தெளிப்பு வேலை அதை நடத்துகிற விதமே வேறு. பயணிகள் விமானத்தில் ஒருமுறை ஏறி மணிக்கணக்கில் சீராக ஓடும் எஞ்சின், இங்கே பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை முழுச் சக்திக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறுகிறது. தூசி, உப்பு, ரசாயன ஆவி வேறு. முதல் டர்பைன் சக்கரத்தின் இதழ்கள் செந்தணலில் சுழல்கின்றன. சீசன் அவசரத்தில் வெப்ப அளவைக் கொஞ்சம் கொஞ்சம் மீறி ஓட்டினால் இதழ் மெல்ல நீள்கிறது, ஒருநாள் ஒன்று முறிகிறது, அது மற்றவற்றையும் சிதைக்கிறது. வெப்பத்தை மீறியவர் ஒருவர், விழுகிறவர் இன்னொருவராகவும் இருக்கலாம். அதுதான் இதில் கொடுமை.

இன்னொரு வகை பார்க்க அற்பமானது. எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போகும் மெல்லிய காற்றுக்குழாய் ஒன்று விரிசல் விட்டாலோ இணைப்பு தளர்ந்தாலோ, கருவி எரிபொருளைக் குறைத்துவிடும்; எஞ்சின் நிற்காது, சக்தி தராமல் சும்மா ஓடும் ஐடில் நிலைக்கு இறங்கிவிடும். த்ராட்டிலைத் தள்ளினாலும் அசையாது. எஞ்சின் ஓடிக்கொண்டிருப்பதால் விமானி இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கத் தூண்டப்படுவார், அந்த முயற்சியில் நொடிகள் போய்விடும். புரொப்பெல்லரையும் கவனிக்க வேண்டும். எண்ணெய் அழுத்தம் போனால் பிடி6-ல் புரொப்பெல்லர் இதழ்கள் தாமாகவே காற்றுக்கு விளிம்பு காட்டித் திரும்பி, இழுவை குறைந்துவிடும். அழுத்தம் இருந்து சக்தி மட்டும் போனால் தட்டையாகச் சுழன்று பெரிய தட்டு போல விமானத்தைப் பிடித்து இழுக்கும். நேரம் இருந்தால் நெம்புகோலை இழுத்து விளிம்புக்குத் திருப்பினால் சறுக்கும் தூரம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

எரிபொருள் தீர்ந்து நிற்பதும் உண்டு. இது எஞ்சினின் குற்றமே அல்ல. எரிபொருளைக் குறைத்தால் அந்த எடைக்கு மருந்து ஏற்றலாம், ஒரு நடை மிச்சம். இன்னும் இரண்டு வரிசைதானே என்று போவார்கள். குறைந்த எரிபொருள் செங்குத்தான திருப்பத்தில் ஒரு பக்கம் ஒதுங்கி, வெளியேறும் துளை காற்றை உறிஞ்சும். மறுபடியும் அதே திருப்பத்தின் உச்சி! பண்ணையில் வைத்திருக்கும் டாங்கில் தண்ணீர் கலப்பதும் பழைய வியாதி; காலையில் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பிடித்துப் பார்த்தால் முடிந்துபோகும் விஷயம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2013-ல் நடந்த 78 விவசாய விமான விபத்துகளை எடுத்துக்கொண்டு 2014-ல் ஒரு சிறப்பு அறிக்கை வெளியிட்டது. பராமரிப்புக் குறைபாடு அதில் சுட்டப்பட்ட காரணங்களில் ஒன்று; விமானியின் களைப்பும் இன்னொன்று. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்பேன். பூச்சி வருகிற மாதங்களில் விடியலிலிருந்து இருட்டும்வரை பறந்து வருடச் சம்பாத்தியத்தைச் சேர்க்க வேண்டும். அந்த மாதங்களில் எஞ்சினைக் கழுவவும், உள்ளே கேமரா விட்டுப் பார்க்கவும் விமானத்தை ஒருநாள் நிறுத்துவது நேரடி நஷ்டம். கூலிக்கு ஆட்களை ஏற்றும் விமானத்துக்கு அமெரிக்காவில் நூறு மணி நேரப் பரிசோதனை கட்டாயம். விமானி மட்டும் போகும் இந்த விமானத்துக்கு அந்த விதி பொருந்தாது. நல்ல முதலாளிகள் கட்டாயம் இல்லாமலே செய்கிறார்கள்.

அப்படியானால் இரண்டு எஞ்சின்? கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் திருப்பத்தின் உச்சியில், குறைந்த வேகத்தில், ஒரு பக்க எஞ்சின் மட்டும் நின்றால் விமானம் அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழப் பார்க்கும். 200 அடியில் அதைச் சமாளிப்பது நேராகச் சறுக்கி இறங்குவதைவிடக் கடினம். எடை கூடும், செலவு இரட்டிக்கும், விமானிக்கு முன்னால் நசுங்கிக் கொடுக்க எஞ்சினும் இருக்காது. கீழே இறங்க இடமே இல்லாத வேலைக்குத்தான் பல எஞ்சின்கள் பொருத்தம். நகரங்களின் மேல் கொசு மருந்து தெளிப்பது அப்படி ஒன்று. ஒஹாயோவின் யங்ஸ்டவுனில் இருக்கும் அமெரிக்க விமானப்படை ரிசர்வ் பிரிவு நான்கு எஞ்சின் சி-130-களை வைத்து இதைச் செய்கிறது. கத்ரீனா புயலுக்குப் பிறகும் ஹார்வி புயலுக்குப் பிறகும் அவர்கள்தான் போனார்கள். வயலுக்கு ஒரு நல்ல டர்பைனும் விரைவாகக் கொட்டும் தொட்டியும் உறுதியான கூண்டும் போதும் என்பது தொழில்காரர்களின் தீர்ப்பு. எனக்கும் அதில் மாறுபாடு இல்லை.

ஹெலிகாப்டருக்கும் சுருக்கமாக இதே கதைதான்: ஓட்டத்தில் வேகம் இருக்கும்போது எஞ்சின் நின்றால் விசிறியின் சுழற்சியைக் காப்பாற்றி இறங்கலாம், வரிசை முனையில் மெதுவாகத் திரும்பும்போது நின்றால் கஷ்டம். ட்ரோனில் விழுவது ட்ரோன் மட்டும்தான், அதற்கு இந்தக் கணக்கே வேண்டாம்.

விபத்துக்குப் பிறகான ஒரு விஷயம் பலருக்கும் தெரிவதில்லை. கவிழ்ந்த விமானத்திலிருந்து வெளியே வரும் விமானி பெரும்பாலும் மருந்தில் நனைந்திருப்பார். அது ஆர்கனோபாஸ்பேட் என்ற பூச்சிக்கொல்லி வகை என்றால் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். எலும்பு ஒன்றும் முறியாமல் தப்பியவருக்குச் சற்று நேரத்தில் மூச்சுத் திணறலாம். துணியைக் கழற்றித் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும், தூக்குகிறவர்கள் கையுறை போட வேண்டும், நச்சுமுறிவான அட்ரோபினைக் கொடுக்க மருத்துவருக்குத் தெளித்த மருந்தின் பெயர் தெரிய வேண்டும். அந்தப் பெயர் விமானியைவிட ஓடுபாதையில் நின்று மருந்தைக் கலந்து ஏற்றியவருக்குத்தான் நன்றாகத் தெரியும். டப்பாவில் இருக்கும் லேபிளோடு அவரையும் ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள்.